ஊருக்கெல்லாம் என் நம்பர்

பிரவுசரை மூடாமல் ஆறு நாள் அதற்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். மூட ஆசையில்லாமல் இல்லை. மூடினால் பாகூரைச் சுற்றி இருக்கிற நூறு குடும்பத்துக்கு மேல் அவரவர் விண்ணப்பத்துக்குள் அவரவரே நுழைய முடியாமல் போய்விடும். அதை வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. புலி வாலைப் பிடித்த கதை என்பார்கள். நான் பிடித்தது புலியைக்கூட இல்லை, திரையின் மேல் மூலையில் கடுகளவு இருந்த ஒரு சாவிப் படத்தை.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். ஒரு ஜெராக்ஸ் மெஷினில் ஆரம்பித்தேன். பிறகு வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, காலேஜ் அப்ளிகேஷன் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. வீடியோ பார்த்தேன், தப்பாக அமுக்கினேன், திரும்பவும் அமுக்கினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பட்டன்மேல் எழுதியிருக்கிற ஆங்கிலம்தான்.

இந்தத் தொழிலில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் பிழைக்க முடியாது. பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன வேலை செய்து தருகிற கருவிகள்தான் அவை. போட்டோவைச் சுருக்க ஒன்று, விளம்பரத்தை மறைக்க ஒன்று, ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்க ஒன்று. தமிழாக்குகிற கருவி 'சமர்ப்பி' என்பதை ஒரு நாள் 'சரணடை' என்று காட்டியது. அதையும் அமுக்கத்தான் செய்தேன், வேலை நடந்தது. இப்போது புதிதாக ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு 'உங்களுக்கு நான் எழுதித் தரட்டுமா' என்று கேட்கிற அறிவாளிக் கருவிகள் வேறு வந்திருக்கின்றன. கேட்காமலே வந்து கூடமாட நிற்கிற பங்காளி மாதிரி. நல்லவனா, பந்திக்கு வந்தவனா என்று தெரிவதற்குள் இலை போட்டாகிவிடுகிறது.

கடைக்கு வரும் மீன்காரம்மா ஒருத்தர் எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார். "சும்மா குடுக்கறவன் கையப் பாக்காத, கண்ணப் பாரு" என்று சொல்வார். இந்தக் கருவிகளுக்குக் கண் எங்கே இருக்கிறது?

அந்தச் சாவிப் படமும் சும்மா கிடைத்த எக்ஸ்டென்ஷன்தான். ஒரு தரம் பாஸ்வேர்டு அடித்தால் போதும், அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தரம் அந்த ஆள் வந்ததும் பெயரைத் தேர்ந்தால், புள்ளி புள்ளியாகப் பாஸ்வேர்டு தானே விழுந்துவிடும். முன்பெல்லாம் ஆள் வந்து, "நான் போட்டது இன்னாக்கா?" என்று என்னையே கேட்பார்கள். நான் நோட்டைத் தேடுவேன். சாவிப் படம் வந்ததும் நோட்டை விட்டேன். மூன்று வருஷம் ராணி மாதிரி வேலை பார்த்தேன்.

பாஸ்வேர்டு மறந்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். மாற்றலாம். விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பருக்கு ஒரு குறியீடு வரும், அந்த ஓடிபியை அடித்தால் புது பாஸ்வேர்டு போடலாம். எங்கள் பக்கத்து வழக்கம் இங்கேதான் குறுக்கே வருகிறது.

போன் நம்பர் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் தங்கள் நம்பரைச் சொல்ல மாட்டார்கள். "உன் நம்பரையே போட்டுக்கோக்கா" என்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு ஒரு போன், அது வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கும். அவர் லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ போயிருப்பார். சிலருக்கு நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். மெசேஜ் வந்தால் படிக்கவும் ஆள் வேண்டும். நெட்காரக்கா நம்பர் என்றால் கடை இருக்கிறவரை இருக்கும், படித்தும் சொல்வாள். எனக்கும் அதில் ஒரு பெருமை. அதற்கென்றே ஒரு இரண்டாவது சிம் வாங்கி எல்லார் விண்ணப்பத்திலும் அந்த நம்பரைப் போட்டேன்.

பிறகு அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை விட்டேன். சாவிப் படம்தான் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறதே, ஓடிபி எதற்கு என்று நினைத்துவிட்டேன். சில மாதம் கழித்துப் போட்டுப் பார்த்தால் சிம் செத்திருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு என் சொந்த நம்பரைப் போட ஆரம்பித்தேன். பழையவர்களுடையதை அப்படியே விட்டேன். பெரிய தப்பு இதுதான். செய்தது நான்தான்.

போன ஆவணியில் ஒரு காலை பிரவுசரின் மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்தது. பழைய முறையில் செய்த எக்ஸ்டென்ஷன்கள் இனிமேல் ஓடாது, பிரவுசரை மூடித் திறந்தால் நிறுத்தப்படும் என்று இருந்தது. முதலில் படித்துவிட்டு விட்டுவிட்டேன். கடையில் இரண்டாவதாக ஒரு பழைய லேப்டாப் உண்டு. அதைத் திறந்தபோது சாவிப் படம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அமுக்கினேன், அசையவில்லை. அதைச் செய்தவரின் பக்கத்தைத் தேடினேன், பக்கமே இல்லை. யாரோ ஒரு தனி ஆள், எந்த நாட்டிலோ இருந்துகொண்டு செய்து, சலித்துப்போய் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் விட்ட இடத்தில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெரிய கம்ப்யூட்டரில் மட்டும் சாவி இன்னும் உயிரோடு இருந்தது, மூடாத காரணத்தால். மொத்தமாக எடுக்க வழியில்லை. ஒவ்வொருவர் பக்கமாகத் திறந்து, புள்ளிகள் விழுந்ததும் பக்கத்தில் இருக்கிற கண் படத்தை அமுக்கி, தெரிகிற பாஸ்வேர்டை நோட்டில் எழுத வேண்டும். அதற்குள் பிரவுசர் மூடக்கூடாது, கம்ப்யூட்டர் அணையக்கூடாது, கரண்ட் கால் மணிக்கு மேல் போகக்கூடாது. யூபிஎஸ் அவ்வளவுதான் தாங்கும்.

அப்படித்தான் ஆறு நாள். வருகிறவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்துவிட்டு வந்து உட்காருவேன். சுத்துக்கேணியில் தங்கச்சி வீட்டில் காதுகுத்து, போகவில்லை. தங்கச்சி போனில், "மாமன் வந்துட்டாரு, நீ மட்டும் அந்தப் பொட்டியக் கட்டிக்கினு அழுவு" என்றாள். என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுபவர். மதியம் சோற்று டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னா, இன்னும் புள்ள பொறக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சிரித்துக்கொள்வேன். ஆனால் மின்விசிறி கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால்கூட என் கண் யூபிஎஸ் விளக்குக்குப் போய்விடும். ஒரு பாத்ரூம் போய்வர பக்கத்துத் தையல்கடைக்காரியைக் காவல் வைத்தேன். "எதையும் தொடாத, மூச்சுகூட மெதுவா வுடு" என்றேன். அவள், "ஏன்க்கா, உள்ள பாம்பு ஏதாச்சும் வளக்கிறியா?" என்றாள்.

கம்பெனி வேனில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, சோரியாங்குப்பத்துக்காரி. அவள் மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் உதவித்தொகைக்கு என்று அதே பக்கத்தில் நான் திறந்த கணக்கு, பழைய நம்பர், சாவிக்குள் பாஸ்வேர்டு. அந்த வாரம் அவளுக்கு சீட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் உள்ளே போய் 'ஏற்கிறேன்' என்று அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அம்மாக்காரி செவ்வாய்க்கிழமையே வந்து கேட்டாள். பக்கம் பராமரிப்பில் இருக்கிறது என்று காட்டியது, திறக்கவில்லை. புதன்கிழமையும் இல்லை.

"வியாழக்கிழமை தொறந்ததும் மொத வேலயா உன் பொண்ணுதாம்மா" என்றேன்.

"நீ இருக்கிற தகிரியத்துலதாங்கா நான் வேன் ஏறுறேன்" என்றாள் அவள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பக்கம் திறந்தது. அவள் மகள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோதே தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் பெரிய சத்தத்தோடு வெடித்தது. விசிறி நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. கால் மணி இருக்கிறது என்று நான் பதறாமல்தான் இருந்தேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பதை அன்றைக்குப் பார்த்தேன். ஆறு நாளாக யூபிஎஸ் ஓய்வில்லாமல் தாங்கி வந்திருந்தது. பாட்டரி இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. திரை கறுத்துப்போனது. கறுத்த திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

கரண்ட் சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். பிரவுசர் புதுச்சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்தது. சாவி சாம்பலாக இருந்தது. நோட்டைப் புரட்டினேன். ஒன்பது பேரைத் தவிர எல்லாரையும் எழுதியிருந்தேன். அந்த ஒன்பதில் ஒருத்தி அந்த நர்சிங் பெண்.

சேர்க்கை உதவி எண்ணுக்குப் போட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார். நம்பரை மாற்ற மனு கொடுக்கலாம், பார்த்து மாற்றச் சில நாள் ஆகும் என்றார். கையில் இருந்ததோ ஒரு நாள்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. செத்த நம்பரை கம்பெனிகள் சும்மா வைத்திருக்காது, வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். என் பழைய நம்பரை நானே அடித்தேன். ரிங் போனது. ஒரு ஆண் குரல். பின்னால் ஆயிரம் கதவு ஒரே நேரத்தில் கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"அலோ, யாரு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். பாகூர், நெட் சென்டர், பழைய நம்பர், நர்சிங் பெண். முழுக்கக் கேட்டார். அப்புறம், "நீதானாம்மா அது!" என்றார்.

"எதுண்ணா?"

"ஒரு வருஷமா என்னத் தூங்க வுடலியே நீ. டிங்கு டிங்குன்னு மெசேஜி. போதாக்கொறைக்கு போன் வேற. 'அக்கா, என் ரேஷன் கார்டு இன்னாச்சு?' 'அக்கா, பென்ஷனு வருமா?' ராங் நம்பருன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப் போச்சி. அப்பால நானே சொல்ல ஆரம்பிச்சிட்டன், 'வரும், நாளைக்குக் கடைக்கி வா'ன்னு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன வருஷம் முழுக்க, "உன் வூட்டுக்காரரு வரச் சொன்னாரே" என்று ஆட்கள் வந்து நின்றார்கள். நான் என் வீட்டுக்காரரோடு அதற்காக இரண்டு தரம் சண்டை போட்டிருக்கிறேன்.

"அண்ணா, இப்ப ஒரு ஓடிபி வரும். அத மட்டும் படிச்சிச் சொல்லிடுங்க."

"அது மட்டும் முடியாதும்மா."

"ஏண்ணா?"

"யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லாதன்னு என் பொண்ணு தலயில அடிச்சி சத்தியம் வாங்கியிருக்குது. இப்பிடித்தான் நல்லாப் பேசுவாங்களாம்."

என் கடைச் சுவரிலேயே அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று, என் கையெழுத்தில், சிவப்பு ஸ்கெட்சில்.

"நீங்க சொல்றது சரிதாண்ணா" என்றேன். வைக்கப் போனேன்.

"இரு, இரு. நம்பி சொல்லலாமா கூடாதான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியும். நெட்டப்பாக்கம் தாண்டி வடக்கால அறுத்த வயல்ல வாத்து வுட்டிருக்கன். அந்தப் பொண்ணயும் கூட்டிக்கினு வா. காலையில ஒம்பதுக்குள்ள வா, அப்பால நான் அடுத்த வயலுக்கு நடந்துடுவன்."

வாத்து மேய்க்கிறவர். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுத்த வயல்களில் சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்துக் கூட்டத்தை விட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். நூறு குடும்பத்துச் சாவியும் அவர் சட்டைப் பையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலை என் ஸ்கூட்டியில் நாங்கள் மூன்று பேர். பின்னால் மகள், நடுவில் அம்மா. அம்மா வேனுக்குப் போகவில்லை. வழி முழுக்க என் இடுப்பைப் பிடித்திருந்த அவள் கை இறுகிக்கொண்டே வந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

வாத்துக்காரர் வரப்பில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் நீளமான கம்பு, நுனியில் பாலித்தீன் துணி. சட்டைப் பையில் பட்டன் போன். எங்களை மேலும் கீழும் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம்தான் கேட்டார்.

"நர்சுக்கா படிக்கப் போற?"

"ஆமாங்க."

"ஊசி போடுவியா?"

"போடுவேன்."

"வலிக்காம?"

"கொஞ்சம் வலிக்கும்" என்றாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். "பொய் சொல்லாத புள்ள. போடும்மா, வரட்டும்."

என் போனில் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டு மறந்தது என்று அமுக்கினேன். ஓடிபி போய்விட்டது, பத்து நிமிஷம் செல்லும் என்றது. நின்றோம். ஒன்றும் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று மோட்டார் கொட்டகைப் பக்கம் போனோம். மேட்டில் ஏறி அவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வாத்துகள் எல்லாம் ஏதோ தீனி வருகிறது என்று அவரைச் சுற்றி வந்து நின்றன. பத்து நிமிஷம் போனது. இரண்டாம் தரம் அமுக்கினேன். மூன்று தரத்துக்கு மேல் அமுக்கினால் ஒரு நாள் முழுக்கப் பூட்டிவிடுவார்கள். மணி ஒன்பதரை.

"எப்பவும் டிங்குடிங்குன்னு வர்றது, இன்னிக்குப் பாரு, எழவு" என்றார் அவர்.

மகள்தான் கை நீட்டினாள். "குடுங்க, பாக்குறேன்." பார்த்தாள். "மெசேஜ் பொட்டி ரொம்பிப் போச்சு. இடமே இல்ல. அதான் உள்ள வர மாட்டுது."

ரொம்பியிருந்ததெல்லாம் என் ஊர் மெசேஜ். உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. உங்கள் சான்று தயார். உங்கள் குறியீடு. என் ஆட்களுக்கு வர வேண்டிய நல்ல சேதியெல்லாம் அங்கே அடைந்து கிடந்து, வழியையே அடைத்துவிட்டிருந்தது. மகள் ஒவ்வொன்றாக அழித்தாள். பட்டன் போன், ஒன்றை அழிக்க நான்கு அமுக்கு. அம்மா அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம்டி, சீக்கிரம்டி" என்றாள். ஆறேழு போனதும் டிங் என்றது. உடனே இன்னொரு டிங்.

"ரெண்டு வந்திருக்குதே, எது?" என்றார் அவர்.

"கடைசியா வந்தது" என்றாள் மகள்.

என் போனில் அவளே அடித்தாள். திறந்தது. புது பாஸ்வேர்டு கேட்டது. நான் பழக்கத்தில் போனை வாங்கக் கை நீட்டினேன்.

"அக்கா," என்றாள், "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கியா?"

"ஏன்டி, அக்காகிட்ட இன்னாடி மறைக்கிற?" என்று அம்மா கத்தினாள். "அவங்க இல்லன்னா—"

"அவ சொல்றது சரிதாம்மா" என்றேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அது என் கன்னத்தில் விழும் என்று நினைத்ததில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. திரும்பிக்கொண்டு வாத்துகளைப் பார்த்தேன். சேற்றில் தலையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தன.

அவள் 'ஏற்கிறேன்' அமுக்கிய சேதி என் கைக்கு வரவில்லை. அவருடைய பையில்தான் டிங் என்றது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரியாமல் மகளிடம் நீட்டினார். அவள் படித்தாள். "சீட்டு கன்பார்மு." அம்மா வரப்பில் அப்படியே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பாரு, ஒரு வருஷத்துல மொத மொத எனக்குப் புரிஞ்ச மெசேஜி" என்றார் வாத்துக்காரர். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, இவ்ளோ தொல்லக்கி இந்த சிம்மயே கழட்டிக் குடுத்துடட்டா? நீயே வெச்சிக்கோ."

என் மனசு ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டது. கையை நீட்டினால் எல்லாம் தீர்ந்தது. அதற்குள் அவர் போன் அடித்தது. முட்டை வியாபாரி. எங்கே இருக்கிறாய், எத்தனை தேறும், வண்டி எந்த வழியாக வரட்டும் என்று அந்தப் பக்கம் சத்தமாகக் கேட்டது. ஊர் ஊராகப் போகிறவருக்கு வீட்டு விலாசம் அந்த நம்பர்தான்.

"வேணாம்ணா" என்றேன். "அது இப்ப உங்க நம்பர்."

"இன்னும் எத்தன பேரு இருக்குறாங்க இந்தப் பொண்ணு மாதிரி?"

"எட்டு பேர்."

கம்பால் வாத்துகளைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இந்தக் காட்டுலதான் இருப்பன். அப்பால செஞ்சிப் பக்கம் போய்டுவன். அதுக்குள்ள இட்டுக்கினு வா. ஆனா ஒண்ணு, எல்லாத்தயும் நீ ஒருத்தியே வந்து கேட்டீன்னா சொல்ல மாட்டன். ஆளு வரணும்."

அம்மாவையும் மகளையும் பஸ் நிறுத்தத்தில் விட்டேன். மகள், "வர்றேன்க்கா" என்றாள், கொஞ்சம் கூச்சத்தோடு. நான் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நோட்டைத் திறந்தேன். எட்டுப் பெயர். ஒருத்தர் கரும்பு வெட்டப் போயிருப்பார். ஒருத்தி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒருவருக்குப் போனே கிடையாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்.

முதல் பெயருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அந்தம்மா, "சொல்லுக்கா, ஏதாச்சும் நம்பர் வந்துச்சா?" என்றார்.

"வரலம்மா. நீதான் வரணும்" என்றேன்.